மேஸ்திரியின் இடது கண்

“மேஸ்திரி, நீயே கேட்டுக்கோ! சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. வெல்டிங் போடுற எடத்துல உன்னைச் சேக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா உன் மொதலாளி? இப்ப பாரு, கண்ணு எலுமிச்சம்பழமாட்டம் வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது!”

“மேஸ்திரி, அந்தம்மாகிட்ட சொல்லிடு. நான் யாரையும் கையைப் புடிச்சு இழுத்துட்டு வரல. நீயா வந்த, நீயா உக்காந்த. உனக்கு அந்த வெளிச்சம்னா சினிமா மாதிரி.”

“சினிமாவாம்ல! பாக்குறவனுக்குத்தான் புத்தி இல்ல, காட்டுறவருக்கு எங்க போச்சு?”

“மேஸ்திரி, ஜன்னல் கம்பிக்குப் பிரைமர் அடிச்சாச்சான்னு கேளு. சாயங்காலம் வண்டி வந்துடும்.”

“கம்பி எங்கயும் ஓடிப் போகாது. என் புள்ளையோட கண்ணுக்கு முதல்ல ஒரு வழி சொல்லச் சொல்லு!”

இந்த ரகளைக்கு நடுவே, இரும்புக் குழாய்க் குவியலின் நிழலில் படுத்திருந்த மேஸ்திரி கொட்டாவி விடப் பார்த்தது. வாய் பாதி திறந்ததும் ஏதோ பிடித்துக்கொண்டது போலச் சட்டென்று மூடிக்கொண்டது. பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டியது. இரண்டு தரப்பு வாதத்தையும் பெற்றுக்கொண்டதற்கு அதுதான் கையெழுத்து.

மேஸ்திரி ஒரு நாய். மங்கின செம்மண் நிறம், ஒரு காது நின்றபடி, ஒரு காது விழுந்தபடி. குட்டியாக வந்த நாளிலிருந்து பட்டறை வாசலில் உட்கார்ந்து, ஒரு துரும்பையும் நகர்த்தாமல், அடுத்தவர் செய்யும் வேலையை முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்பது அதன் வழக்கம். அதைவிடப் பொருத்தமான பெயர் யாருக்கும் தோன்றியிருக்காது.

எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே அந்தப் பட்டறை. கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அங்கே உருவாகும். பட்டறைக்காரர் வெட்டுவார், தேய்த்து ராவுவார், பற்றவைப்பார். அவர் பற்றவைத்து இறக்கியதை அவர் மனைவி கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு பிடிக்காமல் இருக்கச் செங்கல் நிறத்தில் முதல் பூச்சு பூசுவாள். அவள் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு போகவே போகாது. தெருவில் அவளுக்குப் பெயிண்டுக்காரி என்று பெயர். வெயில் காலத்தில் இரும்பு கொதிக்கும், மழைக் காலத்தில் பூச்சு காயாது. இரண்டு காலத்திலும் திட்டு வாங்குவது வானம்தான் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திப் பல மழை பார்த்தாகிவிட்டது. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, இவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கேட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியும் என்று பட்டறையிலேயே கிடந்தார். கடைசியில் மாமனார் போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் ஆகி, வந்த கூட்டமும் கலைந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் கையில் கரி போகாமல் போய் நின்றார். “இனிமே அந்த மனுஷன்கிட்ட எனக்கு என்ன பேச்சு” என்றாள் அவள். சொன்னபடியே நின்றாள். அவருக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. எலியும் பூனையுமான அந்த வீட்டில் நடுவே ஒரு நாய் இருந்ததால் குடித்தனம் நடந்தது. “மேஸ்திரி, சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு.” “மேஸ்திரி, வர்றேன்னு சொல்லு.” பிள்ளை குட்டி இல்லாத வீடு. சேதி கொண்டுபோக அதற்கு வாய் இல்லாவிட்டாலும், காது இருந்தது போதுமானதாக இருந்தது.

அதனால்தான் அந்த இடது கண் வெளியே தள்ள ஆரம்பித்ததும் இரண்டு பேருக்கும் பயம் வந்தது. இரண்டு பேரும் அதைச் சண்டையாகத்தான் வெளியே விட்டார்கள். வேறு வழி அவர்களுக்குத் தெரியாது.

பற்றவைக்கும் பிழைப்பில் இருப்பவர்களுக்கென்று ஒரு கண்நோய் உண்டு. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால், பிறகு கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல அறுக்கும். உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி, மூடிய கண்மேல் வைத்துக்கொண்டு இருட்டில் படுப்பார்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும். பட்டறைக்காரருக்குப் பலமுறை வந்து போன நோய். எனவே மேஸ்திரிக்கும் அதேதான் என்று அவர் முடிவு கட்டினார். அவளும் அதேதான் என்றாள். இருவரும் பல வருஷத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம், அது தப்பாக இருந்தது.

மேஸ்திரியை உள்ளறையில் ஜன்னலை மூடிப் படுக்க வைத்தார்கள். அவர் உருளைக்கிழங்கு நறுக்கிக் கொடுக்க, அவள் கண்மேல் வைத்துத் துணியால் கட்டினாள். மேஸ்திரி கட்டை அவிழ்த்து உருளைக்கிழங்கைத் தின்றது. மறுபடி வைத்தார்கள். மறுபடி தின்றது. மூட்டை காலியானதுதான் மிச்சம். கண் உள்ளே போகவில்லை. மூக்கோரத்திலிருந்து ஒரு சிவந்த ஜவ்வு ஏறிவந்து கண்ணில் பாதியை மூடியது. தூங்கும்போதுகூட அந்த இமை முழுதாகச் சேரவில்லை. பிறகு தட்டில் கெட்டியாக எது வைத்தாலும் வாயைத் திறக்கத் தயங்கியது.

“அம்மா தாயே, அதை ஒரு டாக்டர்கிட்ட காட்டித் தொலைங்க” என்று நான்தான் மாடியிலிருந்து கத்தினேன். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தெருவில் உருளைக்கிழங்கு விலை ஏறியிருக்கும்.

முக்கில் இருக்கும் கால்நடை டாக்டர் நிதானமான ஆள். பசுமாட்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஒரே மாதிரி பேசுவார். முதல் தடவை, கடைவாய்ப் பல் வேரில் சீழ் கோர்த்துக்கொண்டு மேலே முட்டுகிறதோ என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். வீக்கம் அசையவில்லை. இரண்டாம் தடவை மேஸ்திரியின் தலையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, மூடிய இமைகள்மேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெதுவாக அமுக்கினார். வலது கண் பஞ்சில் அமுங்குவது போல உள்ளே போய்த் திரும்பியது. இடது கண் அப்படியே நின்றது.

“கண்ணுல ஒண்ணும் இல்ல” என்றார். “கண்ணுக்குப் பின்னாடி ஏதோ உக்காந்துக்கிட்டு அதை முன்னால தள்ளுது. சீழா இருந்தா இவ்ளோ நாள்ல மாத்திரைக்கு அடங்கியிருக்கும். கட்டியா இருக்கும்னு தோணுது. அந்த எடத்தை வெளியிலருந்து யாரும் பாக்க முடியாது. படம் எடுத்துத்தான் பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“அப்ப வெல்டிங் வெளிச்சத்தால இல்லையா டாக்டர்?” என்றார் பட்டறைக்காரர்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைய்யா.”

“மேஸ்திரி, கேட்டுக்கிட்டல்ல?” என்று நாயிடம் சொன்னார். ஆனால் வழக்கில் ஜெயித்தவர் முகம் மாதிரியே இல்லை. வெளிச்சமாக இருந்திருந்தால் இரண்டு நாளில் சரியாகியிருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பட்டறைச் சாமான் ஏற்றும் சரக்கு வண்டியில் போனோம். “போனோம்” என்றால், பின்னால் நாயைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். வண்டிக்காரப் பையன் கல்யாணமாகாதவன், தலையை வாரிக்கொள்வதற்கென்றே சிக்னலில் நிற்பவன்.

அங்கே படம் எடுக்கும் பெண் ஒருத்தி. சின்ன வயது, கறாரான பேச்சு. மேஸ்திரியின் மூடிய இமைமேல் குளிர்ந்த பசையைத் தடவி, பேனாக் கட்டை மாதிரி ஒன்றை வைத்து நகர்த்தினாள். திரையில் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள் ஓடின.

“முதல்ல நல்ல கண்ணைக் காட்டுறேன். கறுப்பா உருண்டையா தெரியுதா? கண்ணுக்குள்ள தண்ணிதான, அதான் கறுப்பு. அதுக்குப் பின்னாடி கூம்பு மாதிரி சுருங்கிப் போகுது பாருங்க. அப்படித்தான் இருக்கணும்.” பிறகு கட்டையை இடது கண்ணுக்கு மாற்றினாள். “இங்க கூம்பைக் காணோம். ஒரு கட்டி எடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. கண்ணோட பின்பக்கத்தையே அமுக்கித் தட்டையாக்கியிருக்கு.”

“நல்லாப் பாத்து சொல்லும்மா. பசை பத்தலையோ என்னவோ” என்றாள் பெயிண்டுக்காரி.

“பசை எல்லாம் பத்தும்க்கா.”

டாக்டரம்மா வந்து, அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய ஊசியை உள்ளே விட்டு ஒரு துளி எடுத்து அனுப்பினார். முடிவை வாங்கிவர வண்டிக்காரப் பையன் நானே போகிறேன் என்று முந்திக்கொண்டான். அவன் கொண்டுவந்த சேதி நல்லதாக இல்லை. கெட்ட கட்டி. எடுக்க முடியுமா என்று தெரிய வேண்டுமானால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த முதல் ஸ்கேன் கட்டி இருக்கிறது என்று சொல்லுமாம், எலும்பைத் தாண்டி எதுவரை போயிருக்கிறது என்பது சி.டி.யில்தான் தெரியுமாம். அசையாமல் கிடக்க வேண்டும் என்பதால் மயக்கம் கொடுப்பார்களாம்.

மறுபடி சரக்கு வண்டி. தூறலுக்குத் தார்ப்பாய் போட்டிருந்தது. பெயிண்டுக்காரி மேஸ்திரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூடாத கண்ணில் தூசி விழாமல் கையால் மறைத்தபடியே வந்தாள். மயக்க ஊசி போட்டதும் அதன் நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. பெரிய வளையம் மாதிரி இருந்த எந்திரத்துக்குள் போகும் பலகையில் கிடத்தி, கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே ஒரு நீள பெஞ்சு. அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் அவள், நடுவே நான். எதிரே ஒரு பெரியவர் கூண்டில் கிளியோடு உட்கார்ந்திருந்தார். கிளிகூடப் பேசவில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேஸ்…” என்று தொடங்கிக் கதவைப் பார்த்து நிறுத்தினார்.

“அக்கா, அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க” என்றாள் அவள்.

“டீ வேணுமா உங்களுக்குன்னு கேக்குறா” என்றேன்.

“வேணாம்னு சொல்லுங்க. அவ காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல. ஒரு பன்னாவது திங்கச் சொல்லுங்க.”

“ஒரு பன்னாவது திங்கணுமாம்டி.”

“தொண்டையில எறங்காதுன்னு சொல்லுங்க அக்கா.”

இப்படி நாலைந்து சேதி தாண்டியதும் என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அந்த நாய் இத்தனை காலம் எப்படித் தாங்கியதோ. எனக்கு இந்த உத்தியோகம் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது கதவு திறந்து டாக்டரம்மா கூப்பிட்டார். கூப்பிட்டது அவர்களைத்தான். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். யாரும் போ என்று சொல்லவில்லை.

திரையில் மேஸ்திரியின் தலை. ரொட்டியை வில்லை வில்லையாக வெட்டினது போல ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களை நகர்த்திக் காட்டினார் டாக்டரம்மா. வலது பக்கம் கண்குழியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு அழகாக ஓடியது. இடது பக்கம் கண்ணுக்குப் பின்னால் ஒரு சாம்பல் மொத்தை. அதை ஒட்டி வெள்ளைக் கோடு கொஞ்ச தூரம் வந்து, தேய்ந்து, இல்லாமல் போய், அப்புறம் மறுபடி தொடங்கியது.

“டாக்டரம்மா, இங்க கோடு விட்டுப்போயிருக்கே. படம் சரியா விழலையா?” என்றார் பட்டறைக்காரர்.

“படம் சரியாத்தான் விழுந்திருக்குங்க. எலும்புதான் இல்ல. கட்டி அரிச்சிடுச்சு. இதுக்கு அந்தப் பக்கம் மூளை.”

அவர் திரைக்குக் கிட்டே போய், வேலைக்கு அளவெடுப்பவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “சின்ன ஓட்டைதான? ஒரு தகடு வெச்சு அடைச்சிட முடியாதா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ஓட்டை பிரச்சனை இல்லைங்க. கட்டி அந்த வழியா உள்ள எறங்கிடுச்சு. கண்ணையும் சுத்தி இருக்கிறதையும் மொத்தமா எடுக்கலாம். ஆனா முழுசா எடுக்க முடியாது. மிச்சம் இருக்கிறது திரும்ப வளரும். ஆபரேஷனைத் தாங்கிடுச்சுன்னா கொஞ்ச காலம் கிடைக்கலாம். வேணாம்னா வலிக்கு மருந்து குடுத்து வீட்டுல வெச்சுப் பாத்துக்கலாம், எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது. இல்ல, இந்த மயக்கத்துலயே ஊசி போட்டு முடிச்சுடச் சொன்னாலும் தப்பு இல்ல. நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க. ரொம்ப நேரம் மயக்கத்துல வெச்சிருக்க முடியாது.”

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊர்ச் சேதியை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவள்தான் நான். ஆனால் இதைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர்தான் முதலில் பேசினார். சுவரைப் பார்த்துப் பேசினார். “ஆபரேஷன் பண்ணிடலாம். ஒரு கண்ணு போனா போகுது. ஒத்தைக் கண்ணோட எத்தனை நாய் இல்ல.”

அவள் இன்னும் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்னைத்தான் கேக்குறேன்.”

“கண்ணு மட்டும் போகும்னா நானே சரின்னு சொல்லியிருப்பேன்” என்றாள் அவள். “அந்தம்மா சொன்னதைக் கேட்டீங்கல்ல? திரும்ப வரும்னாங்க. வந்தா திரும்ப அறுப்பீங்களா?”

“சும்மா பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா? ஏதாவது பண்ணணும்ல? கையில தொழில் வெச்சிருக்கிறவன், ஒண்ணும் பண்ணாம…”

“எங்கப்பாவுக்கும் அப்படித்தாங்க பண்ணாங்க. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. இதைப் பண்ணலாம், அதைப் பண்ணலாம்னு. கடைசியில அவருக்கு உடம்புல ஊசி குத்த எடம் இல்ல. என் கையைப் புடிச்சுக்கிட்டு, போதும்னு சொல்லும்மான்னார். நான் சொல்லல. எனக்குச் சொல்லத் தெரியல. தனியா நின்னேன். யாரைக் கேப்பேன்?” அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “நீங்க அதையெல்லாம் பாக்கல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். செருப்பு நுனியில் பழைய தீப்பொறி சுட்ட ஓட்டைகள் இருந்தன. அவற்றை எண்ணுகிறவர் போல இருந்தார்.

“பாக்கல” என்றார். “நான் வந்திருக்கணும். வரல. அதுக்கு இப்ப என்ன சொன்னாலும் வெறும் வாய்ப் பேச்சு. எனக்கு இந்தக் கடைசி நேரம் எப்படி இருக்கும்னே தெரியாது. நீ பாத்தவ. நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்.”

“எழுப்பச் சொல்லுங்க” என்றாள் அவள். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். வலி தெரியாம வெச்சுக்குவோம். முடியலன்னு அது காட்டுச்சுன்னா, அன்னைக்கு நான் போதும்னு சொல்றேன். அப்ப நீங்க பக்கத்துல இருக்கணும்.”

“இருக்கேன்.”

“வேலை இருக்குன்னு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்டி.”

அந்த “டி”யைக் கேட்டு நான் விளம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த வரியை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் என்ன ஆகும் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நேருக்கு நேர் பேச ஆரம்பித்த புருஷன் பெண்டாட்டி என்னதான் பேசுவார்கள்?

“மாத்திரை குடுத்தாச்சா?”

“முட்டைக்குள்ள வெச்சுக் குடுத்தேன். முட்டையைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்புது.”

“பொடிச்சுப் போடு. கண்ணுக்குக் களிம்பு?”

“இப்பதான் போட்டேன். நீங்க அந்தப் பக்கம் ராவாதீங்க, தூள் பறக்குது.”

இவ்வளவுதான். காலையில் இது, மத்தியானம் இது, சாயங்காலமும் இதுவே. இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று தெருவுக்குச் சலித்துப்போயிற்று. அவர்களுக்கும் சலிப்புதான். மூடாத கண் காய்ந்துபோகாமல் இருக்க மாற்றி மாற்றி விழித்தார்கள். அவர் பாதித் தூக்கத்தில் கம்பியைக் கோணலாக வெட்டினார். அவள் ஒரே ஜன்னலுக்கு இரண்டு முறை பூச்சு பூசினாள். சாப்பாட்டுக்கு அவித்த முட்டையும் ரொட்டியும்தான். மேஸ்திரி மட்டும் வாசலில் உட்கார்ந்து, தெரிந்த ஒரு கண்ணால் இரண்டு பேர் வேலையிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

மழைக்காலம் பாதி போனபோது அது தலையைத் தூக்குவதை நிறுத்தியது. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அன்று வாசலில் ஒரு மாடிப்படிக் கைப்பிடி அரைகுறையாகக் கிடந்தது, வாங்க வந்தவர்கள் குடையோடு நின்றிருந்தார்கள். அவள் உள்ளேயிருந்து வந்து, “போதும்ங்க” என்றாள். அவர் கையுறையைக் கழற்றி இரும்பின்மேல் வைத்துவிட்டு, வந்தவர்களைப் பார்க்காமலேயே உள்ளே போனார். நான்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினேன். முக்கு டாக்டர் நனைந்துகொண்டே வந்தார். பட்டறைக்காரர் மேஸ்திரியின் தலையைப் பிடித்துக்கொண்டார், அவள் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஊசியில், சத்தமே இல்லாமல் முடிந்தது.

அதற்கப்புறம் பட்டறையில் இரும்புச் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. தெரு தீர்ப்பெழுதிவிட்டது: நாய் போச்சு, பேச்சும் போச்சு. அந்தத் தீர்ப்பில் என் கையெழுத்தும் உண்டு. அதற்கேற்றாற்போல ஒரு நாள் பெயிண்டுக்காரி பெட்டியோடு நின்றாள்.

“என்னடி, ஒரேயடியா கெளம்பிட்டியா?” என்று மாடியிலிருந்து கேட்டேன்.

“எங்கப்பா வீட்டைத் தம்பி இடிச்சுக் கட்டுறான் அக்கா. கம்பிக்குப் பூச ஆள் வேணுமாம்.”

“கம்பி யாரு அடிக்கிறது?”

“ஏன், அந்த ஊர்ல வெல்டரே இல்லையா?” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

அவர் இங்கே கைவசமிருந்த வேலையை முடித்துக்கொண்டிருந்தார். போனில் பேசினால் ராவுகிற எந்திரத்துக்கு மேலே கத்துவது போலத்தான் பேசுவார் என்பதால் எங்களுக்கும் கேட்டது. “சாப்பிட்டியா?” “அந்த வெல்டர் போட்ட ஜாயிண்டு எப்படி இருக்கு?” “கோணலா? எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்!” புது ஆர்டர் எதையும் எடுக்கவில்லை. மழை விட்டதும் எந்திரங்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாமனார் ஊருக்கே போய்விட்டார். அந்த வீட்டு வாசலிலேயே இப்போது பட்டறையாம்.

இதெல்லாம் வண்டிக்காரப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாய்க்கு மருந்து வாங்கப் போகிறேன், மருந்துச் சீட்டைக் காட்டப் போகிறேன் என்று நாய் போன பிறகும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவன், கடைசியில் படம் எடுக்கும் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். காலியான பட்டறை வீட்டில்தான் இருவரும் குடியிருக்கிறார்கள். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத ஜோடி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அங்கேயோ, காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போடுகிறார்களாம். அக்கம்பக்கத்தில் காது கொடுக்க முடியவில்லையாம். இந்த வாரம் வண்டி அந்தப் பக்கம் போகும்போது நானும் ஏறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.